மலாக்கா மண்ணும் ஆர்க்கிட் விதையும்



பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு ஆர்க்கிட் பூ அந்நியமாகத் தோன்றலாம். "அது துரை பங்களா வாசல்ல தொங்குற பூதானே" என்று ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. ஆனால் இரண்டின் சரித்திரமும் நம் மலாக்கா மண்ணில் கலந்திருக்கிறது.

1896-ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டவர் டான் சாய் யான். பிறகு நம் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானிலும் பெரிய தோட்டம் திறந்தார். அவருக்குத் தூண்டுகோலாக இருந்தவர் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. அதே ரிட்லிதான் 1893-ல் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் வளர்த்த புதுக் கலப்பின ஆர்க்கிட்டை உலகுக்கு அறிவித்தார். 1981-ல் அது சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று.

ஆர்க்கிட் விதை தூசியைவிடப் பெரிதல்ல. நெல்லுக்குள் அரிசி உண்டு, தேங்காய்க்குள் பருப்பு உண்டு. ஆர்க்கிட் விதைக்குள் அப்படி உணவு கிடையாது. கட்டுச்சோறு இல்லாமல் பயணம் புறப்பட்ட பிள்ளை மாதிரி. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் அதற்குச் சோறு ஊட்டுகிறது என்பதை 1899-ல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார்.

பூஞ்சணம் கொடுப்பதை நாமே கொடுத்தால் என்ன? இதை அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் செய்து காட்டி 1922-ல் வெளியிட்டார். கண்ணாடிப் போத்தலில் அகர் அகர், தாது உப்புகள், சீனி. அவ்வளவுதான்! பூஞ்சணம் இல்லாமலே விதை முளைத்தது. பின்னாளில் அவர் வகுத்த பக்குவம் லிட்டருக்கு 20 கிராம் சீனி. இளநீரும் வாழைப்பழமும் சேர்ப்பவர்களும் உண்டு.

ஆனால் சீனி செடிக்கு மட்டுமா பிடிக்கும்? பூசணமும் ஓடி வரும். ஆகவே போத்தலை நீராவி அழுத்தத்தில் 121 பாகை வெப்பத்தில் வேக வைக்கிறார்கள். சீனி குறைந்தால் முளை பட்டினி. மிஞ்சினாலோ நீரை உறிஞ்ச முடியாமல் வாடிவிடும்.

சிங்கப்பூர்ப் பூங்காவில் ஹோல்ட்டம் 1928-ல் இம்முறையைத் தொடங்கினார். 1931-ல் முதல் கலப்பினம் பூத்தது. 1960-ல் பிரான்சின் மோரெல், விதையே இன்றிக் குருத்துமுனையைப் போத்தலில் வளர்த்துச் செடியைப் பெருக்கும் வழி காட்டினார். இதுவே இன்றைய திசு வளர்ப்பு. இதற்கிடையே டான் சாய் யானின் மகன் தாம் உருவாக்கிய ஆர்க்கிட்டுக்குத் தந்தையின் பெயரையே சூட்டினார். 1954-ல் அது லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் முதல்தரச் சான்றிதழ் பெற்றது.

தோழர்களே, பட்டையைக் காயப்படுத்தாமல் சீவிய கை நம்முடைய கை. அதே நிதானம்தான் குருத்துமுனையை வெட்டவும் வேண்டும். நம்ம பிள்ளைகள் அந்த ஆய்வுக்கூடத்தில் நிற்கக் கூடாதா?

"இவன் மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்காதீர்கள். 1922-க்கு முன் அந்த விதையையும் முளைக்க வைப்பது பெரும்பாடாகத்தான் இருந்தது. குறை விதையில் இல்லை, ஊட்டத்தில் இருந்தது. புத்தகம், பசியாற உணவு, படிக்க ஒரு மூலை: இவை நாம் கொடுக்க வேண்டியவை. செல்லமும் சீனி போலத்தான், அளவோடு கொடுங்கள்.

வளர்க நம் பிள்ளைகள்!