ஆற்றையே நகலெடுத்த கதை

ஒலிம்பிக்கில் தங்கம் வாங்க ஒரு நாடு எதுவரை போகும்? எதிர்முகாம் நாட்டில் இருக்கிற ஒரு நீர்ப்பாதையை அப்படியே தன் ஊரில் கட்டிக்கொள்ளுமா?

கட்டினாங்க. வாங்க, பார்ப்போம்.

1972. ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம். மேற்கு ஜெர்மனியின் மியூனிக்கில் ஒலிம்பிக். அதில் முதன்முறையாக ஸ்லாலம் படகுப் போட்டியைச் சேர்த்தார்கள்.

நுரை பொங்கிப் பாயும் தண்ணீர். மேலே ஜோடி ஜோடியாகத் தொங்கும் கம்பங்கள். அவற்றில் படாமல், அவற்றுக்கு நடுவே கயாக்கை ஓட்டணும். பட்டால் அபராத விநாடிகள் கூடும். சில கம்பங்களுக்கு இடையே ஓட்டத்தை எதிர்த்துத் திரும்பி வேறு நுழையணும்!

இடம், மியூனிக் அருகே ஆக்ஸ்பர்க் நகரம். அங்கே லெக் ஆற்றில் குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிக்கட்டிகள் நகரின் குடிநீர் நிலையத்தில் மோதாமல் திருப்பிவிட ஒரு கால்வாய் இருந்தது. பெயரே ஐஸ்கனால், அதாவது பனிக்கட்டிக் கால்வாய். அதைத்தான் கான்கிரீட் போட்டு, தடுப்புகள் வைத்து, செயற்கையான வேக நீரோட்டமாக மாற்றினார்கள். நீளம் சில நூறு மீட்டர்தான். ஆனால் மூச்சு விட நேரம் தராத பாதை.

1971ல் பாதை தயார். கிழக்கு ஜெர்மன் குழு அதை நன்றாக ஆராய்ந்தது. ஊர் திரும்பி, ஸ்விக்காவ் நகரில் அதே மாதிரி ஒன்றைக் கட்டி, அதிலேயே திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்தது.

முடிவு?

மொத்தம் 4 தங்கம். நாலும் கிழக்கு ஜெர்மனிக்கே! சொந்த மண்ணில் ஆடிய மேற்கு ஜெர்மனிக்கு 3 வெள்ளி.

இது எப்படி நடந்தது? இங்கேதான் மருத்துவம் வருகிறது.

கண் ஒன்றைப் பார்த்து கை அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிற படகு அதற்குள் 60 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது அலையைப் பார்த்த பிறகு துடுப்பு போட்டால் லேட். அலை வருவதற்கு முன்பே உடம்பு சாய்ந்திருக்கணும்.

அந்த முன்கணிப்பில் பெரும்பங்கு நம் சிறுமூளைக்கு. ஒவ்வொரு முறை தவறும்போதும் "நினைத்தது இது, நடந்தது இது" என்று ஒப்பிட்டு அடுத்த அசைவைத் திருத்தும். நூறு முறை அதே அலையில் விழுந்து எழுந்தவருக்கு அங்கே யோசிக்கவே வேண்டியதில்லை. சிபிஆரை நாங்கள் முதலில் பொம்மையில் பழகுவதும் இதே காரணத்துக்குத்தான்.

அப்போ இது ஏமாத்து வேலையா?

என்னைக் கேட்டால் இல்லை. நகல் கால்வாய் யாருக்கும் துடுப்பு போடாது. ஆனால் அதைக் கட்ட வசதி இல்லாத நாட்டு வீரருக்கு இது சமமான போட்டியா? அந்தக் கேள்வி நியாயமானது.

இதற்குப் பிறகு 1976 முதல் 1988 வரை நாலு ஒலிம்பிக்கில் ஸ்லாலம் இல்லை. 1992 பார்சிலோனாவில்தான் திரும்பி வந்தது. 2000க்குப் பிறகு நடந்த ஒலிம்பிக் ஸ்லாலம் எல்லாமே செயற்கைப் பாதைகளில்தான். ஐஸ்கனால் இன்றும் ஓடுகிறது. 2019ல் ஆக்ஸ்பர்க்கின் நீர் மேலாண்மை அமைப்பு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இந்தப் பாதையும் அதில் சேர்த்தி.

கடைசியாக ஒரு விஷயம். ஸ்விக்காவில் பழகியது ஆக்ஸ்பர்க்கில் பலித்தது ஏன் தெரியுமா? கான்கிரீட் இடம் மாறாது. நிஜ ஆறு அப்படி இல்லை. ஒரு வெள்ளம் போதும், பாறை புரளும், மணல் பறிபோகும், போன வருஷம் இடுப்பளவு இருந்த இடம் இன்று ஆளை விழுங்கும். சிறுமூளை மட்டும் பழைய ஆற்றையே நம்பிக்கொண்டிருக்கும்.

"சின்ன வயசுலேர்ந்து குளிக்கிற ஆறுதானே" என்று இறங்குகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். வேக நீரில் அடித்துச் செல்லப்பட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால் ஓட்டம் தலையை அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் மேலே தூக்கி மிதந்தபடி கரையை நோக்கி ஒதுங்குங்கள்.

பகிருங்கள், யாருக்காவது உதவும்.