இயற்கை உருவ நகைகள் (தமிழகம்)

பூ, மொட்டு, காய், மீன், பாம்பு, பறவை, பிறை முதலியவற்றின் உருவில் பொன்னாலும் மணிகளாலும் செய்யப்படும் அணிகள். தமிழ் நூல்கள் இவற்றை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேசிவருகின்றன. ஆனால் கண்ணால் காணக்கூடிய பழைய நகைகள் மிகக் குறைவு. நகை அணியாக மட்டுமின்றிச் சேமிப்பாகவும் இருந்ததால், பாட்டியின் அட்டிகை பேத்தியின் கல்யாணத்துக்கு உருக்கப்பட்டது. அதனால் இவ்வரலாற்றின் பெரும்பகுதி கல்வெட்டுகளிலும் சிற்பங்களிலும் பாடல்களிலுமே எஞ்சியிருக்கிறது.

புதுச்சேரியைக் கடந்ததும் தெற்கே வரும் அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. சங்க நூல்களில் சிறுவர் அணிந்த புலிப்பல் தாலியும் பாணர் பரிசாகப் பெற்ற பொற்றாமரையும் வருகின்றன. திருமுருகாற்றுப்படை சொல்லும் தலைக்கோலத்தில் வலம்புரிச் சங்கும் வாய் பிளந்த மகரமீனும் உண்டு. சிலப்பதிகாரத்து மாதவியின் விரலில் வாளைமீன் வாய்போல் வளைந்த மோதிரம். பனையோலைச் சுருளைக் காதில் செருகிய வழக்கமே பொன் தோடாக வளர்ந்தது என்பது பரவலான கருத்து.

மிக விரிவான சான்று தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கிடைக்கிறது. முதலாம் இராசராசனும் (985–1014) அவன் தமக்கை குந்தவையும் மற்றவர்களும் அளித்த நகைகள் அங்கே ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் அவற்றைப் படித்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிப்பித்தார். சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்று திரும்பிய இராசராசன் இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். எடைகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று வருகின்றன: 2 குன்றி 1 மஞ்சாடி, 20 மஞ்சாடி 1 கழஞ்சு. இவை விதைகளின் பெயர்கள். பூவின் உருவில் செய்த பொன்னைச் செடியின் விதைப் பெயரால் அளந்திருக்கிறார்கள்.

முத்துகளைப் பற்றிய பதிவு இன்னும் நுட்பமானது. வட்டம், அனுவட்டம், குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு என வடிவம் பிரித்து எழுதியதோடு, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என ஒளியையும் குறித்திருக்கிறார்கள். உருண்டு வராத முத்தையும் ஒதுக்கவில்லை. கடல் கொடுத்த வடிவத்திலேயே கோத்து, கோத்ததைக் கல்லிலும் வெட்டினார்கள். இவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்ட நகைகள் இன்று நம்மிடம் இல்லை. தில்லி சுல்தானியத் தளபதி மாலிக் கபூரின் 1311 படையெடுப்பு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பின்வந்த காலங்களில் உருக்கப்பட்டவை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

விசயநகர, நாயக்கர் காலங்களுக்குத் தூண் சிற்பங்களே முதன்மைச் சான்று.

அருங்காட்சியகங்களில் உள்ளவை பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சடைநாகம் அவற்றுள் தலையாயது: உச்சியில் ராக்கொடி, அதன்கீழ் பிறை, தாழம்பூ மடல், படமெடுத்த நாகம், பின்னல் நெடுகச் சிறுத்துக்கொண்டே போகும் மொட்டு வரிசை, கடைசியில் குஞ்சலம். பின்னல் அசையும்போது வளைந்து கொடுக்கும்படி துண்டு துண்டாகச் செய்து கோத்த நேர்த்தியை அருகில் நின்று பார்க்கவேண்டும். மாங்காய் மாலையின் வடிவம் உள்ளூர் மாங்காயா, பாரசீகத்திலிருந்து காசுமீரச் சால்வை வழியாக வந்த கூம்பா என்பது முடிவாகவில்லை. தென்மாவட்டத்து மூதாட்டியர் வளர்த்த காதில் தொங்கவிட்ட பாம்படம், பொன் தகட்டுக்குள் அரக்கு நிரப்பிச் செய்வது. அதைச் சுருண்ட பாம்பு என்பர் பலர். உருண்டையும் கட்டையும் சேர்ந்த அந்த அமைப்பில் பாம்பு தெரியவில்லை என்பாரும் உளர்.

ஐரோப்பாவில் இயற்கை உருவ நகை ஒரு கலை இயக்கமாகவே எழுந்தது. பாரிசில் நகைக் கலைஞர் ரெனே லாலிக் 1890களின் இறுதியில் செய்த தும்பிப்பெண் மார்பணி இப்போது லிசுபன் குல்பெங்கியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. கொம்பு, கண்ணாடி போன்ற விலை குறைந்த பொருள்களையும் அவர் தயங்காமல் எடுத்தாண்டார். தமிழகப் பொற்கொல்லருக்கு அந்த விடுதலை இல்லை: இதழ் எவ்வளவு மெலிந்தாலும் பொன் எடை கணக்கில் நிற்கவேண்டும்.

1930களில் ருக்மிணி தேவி அருண்டேல் பரதநாட்டியத்துக்கு வகுத்த ஒப்பனையால் கோயில் நகை மேடைக்கு வந்தது என்பர். அதற்கு முன்பே தேவரடியார் இந்நகைகளை அணிந்தனர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்வதைத் தடுத்தன. கலப்பு மிகுந்த பொன் கெட்டியானது. மெல்லிய இதழாகத் தட்ட அது இணங்காது. பல பொற்கொல்லர் பட்டறைகள் மூடப்பட்டன. இவ்விதிகளை அடுத்து வந்த 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டது.

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கே வெள்ளிச் சட்டத்தில் சிவப்புக் கெம்புக்கற்களைப் பதித்துப் பொன் தகடு போர்த்துகிறார்கள். புதுச்சேரியை அடுத்து, 1968இல் தொடங்கிய ஆரோவில் பகுதியில் விதை, மரம், கல் ஆகியவற்றைக் கொண்டு அணிகள் செய்யப்படுகின்றன.