டயாலிசிஸ் ஊசி: குத்தும் முறைகளும் வலி தணிப்பும்

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தின் வழியே சுத்திகரித்து உடலுக்குத் திருப்பும் சிகிச்சை ஹீமோடயாலிசிஸ். இதற்கு ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு ஊசிகள் ஏற்றுவார்கள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியேறும், மற்றொன்றின் வழியே திரும்பும். வாரம் 3 முறை என்றால் ஆண்டுக்கு 312 குத்துகள். நம் ஊர்களில் பலர் செய்துகொள்ளும் 2 முறைக்கே 208. செங்கோட்டைப் பகுதி மக்கள் தென்காசி, திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் கட்டணமின்றி இச்சிகிச்சையைப் பெறலாம்.

ஊசி ஏறும் இடம் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் கையில் இணைத்துத் தைக்கும் இந்த அறுவை சிகிச்சையை 1966-இல் நியூயார்க்கின் பிரெசியா, சிமினோ குழுவினர் வெளியிட்டனர். தமனி இரத்தம் பாய்ந்து சிரை தடிக்கச் சில வாரங்கள் ஆகும். அது முதிர்வதற்குள் அவசரப்பட்டுக் குத்தினால் சுவர் கிழிந்து கை வீங்கிக் கறுத்துவிடும்.

குத்துவதில் மூன்று வழிகள் உண்டு. ஏணிப்படி முறையில் ஒவ்வொரு தடவையும் சற்றுத் தள்ளி, சிரையின் நீளம் முழுவதையும் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவார்கள். பட்டன்ஹோல் முறையில் ஒரே துளையில், ஒரே கோணத்தில், முதலில் ஒரே பணியாளர் குத்தி வருவார். தழும்புப் பாதை உருவானதும் முனை மழுங்கிய ஊசி போதும். 1970-களில் போலந்தின் துவார்தோவ்ஸ்கி தொடங்கிவைத்த முறை இது. பழைய பொருக்கைச் சுத்தமாக அகற்றாவிட்டால் கிருமி நேரே இரத்தத்தில் கலக்கும் என்பதே இதன் ஆபத்து.

மூன்றாவது, ஒரு சிறு பகுதியிலேயே மாறி மாறிக் குத்துவது. பழகிய இடம் மரத்துப்போய் வலி குறைவதால் நோயாளியே அங்கே குத்தச் சொல்வார். வேலை எளிது என்று பணியாளரும் இணங்கிவிடுவார். நாளடைவில் அந்த இடம் புடைத்துத் தோல் மெலிந்து பளபளக்கும். அதையடுத்த சிரை சுருங்கும். முற்றினால் வெடித்து உயிரைப் பறிக்கும் இரத்தப்போக்கும் நேரலாம். மூன்றில் தவிர்க்கவேண்டியது இதுவே.

வலியைப் பொறுத்துக்கொள்வது நோயாளியின் கடமை அல்ல. லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த களிம்பை 1 மணி நேரம் முன்பே பூசி மூடிவைத்தால் தோல் மரத்துவிடும். தென்காசிக்குப் பஸ் ஏறும் முன் வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம். சேர்ந்ததும் துடைத்து, சோப்பால் கையைக் கழுவ வேண்டும். குற்றாலச் சாரல் காலத்துக் குளிரில் சிரை சுருங்கும் என்பதால் கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது நல்லது. ஊசியின் கேஜ் எண் கூடக்கூட அது மெலிதாகும். புதிய ஃபிஸ்டுலாவுக்கு 17 கேஜில் தொடங்குவார்கள். ஏறிய ஊசியை உள்ளே சுழற்றுவதும் திரும்பத் திரும்பத் துழாவுவதும் வலியோடு காயத்தையும் கூட்டும். சரியாக ஏறாவிட்டால் அனுபவமிக்க வேறொருவரைக் கேட்க நோயாளி தயங்கவேண்டியதில்லை.

ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. அதன்மேல் விரல் வைத்தால் அதிர்வு தெரியவேண்டும். தினமும் தொட்டுப் பாருங்கள்; அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.