'நான் சீனன்' என்ற பேட்ஜ்: ஒரு நாவல் வழியே 1942-ஆம் ஆண்டு சியாட்டில்



இரண்டாம் உலகப் போர் என்றதும் நமக்குத் தேதிகள்தாம் முதலில் ஞாபகத்துக்கு வரும். 1941 டிசம்பர் 8, கோத்தா பாருவில் ஜப்பானியர் தரையிறக்கம். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ச்சி. இந்தத் தேதிகளோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 19. சிங்கப்பூர் விழுந்து நான்கே நாளில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஒரு ஆணையால் சுமார் 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

இந்த வரலாற்றை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கண்ணால் காட்டும் நாவல்தான் ஜேமி ஃபோர்ட் எழுதி 2009-இல் வெளிவந்த 'ஹோட்டல் ஆன் தி கார்னர் ஆஃப் பிட்டர் அண்ட் ஸ்வீட்'. கசப்பும் இனிப்பும் சந்திக்கும் முனையில் ஒரு ஹோட்டல் என்று பொருள் கொள்ளலாம்.

கதை என்ன?

சியாட்டில் நகரில் வாழும் சீனச் சிறுவன் ஹென்றி லீ. அப்பா அவனை வெள்ளையர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அனுப்புகிறார். வீட்டிலும் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது அவர் கட்டளை. வேடிக்கை என்னவென்றால், பெற்றோருக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாது. ஆக, வீட்டிலும் பேச ஆளில்லை, பள்ளியிலும் நண்பனில்லை. அவன் சட்டையில் 'நான் சீனன்' என்று எழுதிய பேட்ஜ் ஒன்றை அப்பா குத்திவிடுகிறார். ஜப்பானியன் என்று நினைத்து யாரும் அடித்துவிடக் கூடாதே என்ற பயம்.

அந்தப் பள்ளியின் உணவுக்கூடத்தில்தான் கெய்க்கோ ஒக்காபே என்ற பெண்ணை ஹென்றி சந்திக்கிறான். அவள் ஜப்பானிய வம்சாவளி. ஆனால் அவளுக்கு ஜப்பானிய மொழி பேசத் தெரியாது. தான் அமெரிக்கப் பெண் என்றுதான் அவள் நினைக்கிறாள். இருவரும் நண்பர்களாகிறார்கள். கெய்க்கோ குடும்பத்தின் புகைப்படங்களை ஹென்றி தன் அறையில் ஒளித்து வைத்தது தெரிந்த பிறகு, அப்பா மகனோடு பேசுவதையே நிறுத்திவிடுகிறார். சில மாதங்களில் கெய்க்கோ குடும்பமும் முகாமுக்குப் போகிறது.

எது வரலாறு, எது கற்பனை?

மாணவர்கள் இங்கேதான் கவனமாக இருக்கணும். ஹென்றியும் கெய்க்கோவும் கற்பனைப் பாத்திரங்கள். அவர்களை வரலாற்று ஆதாரமாகத் தேர்வில் எழுதக் கூடாது. ஆனால் அவர்களைச் சுற்றியிருப்பவை பெரும்பாலும் உண்மை. சீனர்கள் அப்படிப்பட்ட பேட்ஜ் அணிந்தது உண்மை. பனாமா ஹோட்டல் 1910-இல் கட்டப்பட்டது, இன்றும் இருக்கிறது. முகாமுக்குப் போன குடும்பங்கள் தங்கள் பொருள்களை அதன் நிலவறையில் விட்டுச் சென்றன. பலர் திரும்பி வந்து எடுக்கவே இல்லை.

சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெய்ன்பிரிட்ஜ் தீவிலிருந்துதான் வெளியேற்றம் தொடங்கியது. 1942 மார்ச் 30 அன்று 227 பேர், ராணுவ வீரர்கள் காவலோடு படகேறினார்கள். கையில் தூக்க முடிந்தவை மட்டும்தான் அனுமதி. சியாட்டில் மக்கள் முதலில் பியூயல்லப் என்ற ஊரின் கண்காட்சி மைதானத்தில் அடைக்கப்பட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருந்தனர். அந்த இடத்துக்கு 'நல்லிணக்க முகாம்' என்ற பொருளில் ஒரு பெயர் வேறு! பிறகு அவர்கள் ஐடஹோ மாநிலத்தின் வறண்ட நிலத்தில் கட்டிய மினிடோக்கா முகாமுக்கு மாற்றப்பட்டனர். இப்படி மொத்தம் பத்து நிரந்தர முகாம்கள்.

ஏன் இப்படி நடந்தது?

"போர்க்காலப் பாதுகாப்பு" என்று ஒரே வரியில் விடை எழுதிவிட்டால் மதிப்பெண் குறையும். மூன்று சான்றுகளைப் பாருங்கள்.

முதலாவது, ஹவாய். தாக்கப்பட்ட முத்துத் துறைமுகம் இருப்பது அங்கேதான். அங்கு மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். உண்மையிலேயே ஆபத்து என்றால் அவர்களைத்தானே முதலில் அடைத்திருக்க வேண்டும்? ஆனால் அங்கே மொத்தமாக யாரையும் வெளியேற்றவில்லை. அவர்கள் இல்லாமல் தீவின் தொழில் நடக்காது.

இரண்டாவது, மேற்குக் கரையின் ராணுவத் தளபதி டிவிட்டின் வாதம். ஜப்பானியர் யாரும் இதுவரை நாசவேலை செய்யவில்லை என்பதே, இனிமேல் செய்யப்போகிறார்கள் என்பதற்கு அறிகுறி என்றார் அவர். குற்றம் செய்தாலும் குற்றவாளி, செய்யாவிட்டாலும் குற்றவாளி. இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, போருக்கு முந்திய சட்டங்கள். ஜப்பானிலிருந்து குடியேறியவர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1922-இலேயே சொல்லிவிட்டது. அவர்கள் நிலம் வாங்கவும் மேற்குக் கரை மாநிலங்கள் தடை போட்டிருந்தன. அதாவது வெறுப்பு முன்பே இருந்தது. போர் அதற்கு ஒரு சாக்கு கொடுத்தது.

பேட்ஜ் அணிந்த ஹென்றியின் சமூகம் மட்டும் தப்பித்ததா என்றால், அதுவும் இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதையே தடுத்தது. 1943-இல்தான் அது நீக்கப்பட்டது. காரணம், அப்போது சீனா நட்பு நாடு. நேற்று வேண்டாதவன் இன்று வேண்டியவனாகிறான். இன்று பக்கத்து வீட்டுக்காரன் நாளை பகைவனாகிறான். மனிதர்கள் மாறவில்லை, முத்திரைதான் மாறியது.

வகுப்பில் வரக்கூடிய ஒரு கடினமான கேள்வி

நம் வகுப்பில் ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார்: "சார், ஜப்பான்காரங்க நம்ம ஊர்ல செஞ்ச கொடுமைக்கு, அவங்கள அடைச்சது தப்பா?" இந்தக் கேள்வியை அடக்காதீர்கள். சயாம் மரண ரயில் பாதையில் உயிரிழந்த தோட்டத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கக்கூடும். சூக் சிங் படுகொலையில் உறவினரை இழந்த குடும்பங்கள் நம் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடும். அந்த வலி பொய்யல்ல.

நாவலும் அதை மறைக்கவில்லை. ஹென்றியின் அப்பா கெட்டவர் அல்ல. 1937 முதல் ஜப்பானிய ராணுவம் சீனாவில் செய்ததை நினைத்துக் கொதிப்பவர் அவர். அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம் எது? சியாட்டிலில் பிறந்து, ஜப்பானிய மொழியே பேசத் தெரியாத ஒரு சிறுமியின் தலையில். நான்ஜிங்கில் குற்றம் செய்தது ஜப்பானிய ராணுவம், கெய்க்கோ அல்ல. மாணவரின் கேள்விக்கு விடை இதுதான்: குற்றம் செய்தவரைத் தண்டிப்பது நீதி, அவரைப் போன்ற முகம் உள்ளவரையெல்லாம் தண்டிப்பது பாகுபாடு.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்ததும் அல்ல. 1941 டிசம்பரில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஜப்பானியக் குடிமக்களைப் பிரிட்டிஷ் அரசு பிடித்து இந்தியாவுக்கு அனுப்பி, டில்லியின் புராணா கிலாக் கோட்டையில் அடைத்து வைத்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: இவர்கள் எதிரி நாட்டின் குடிமக்கள். அமெரிக்காவிலோ, அரசு தன் சொந்தக் குடிமக்களையே அடைத்தது.

பிறகு என்ன ஆனது?

முகாமுக்குப் போக மறுத்த ஃபிரட் கொரமாட்சுவுக்கு எதிராக 1944 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம், மூவர் எதிர்ப்பு. அவர் மீதான குற்றத்தீர்ப்பு 1983-இல் ரத்தானது. அதே காலத்தில் ஓர் அரசு ஆணையம் விரிவாக விசாரித்து, இதற்கு ராணுவத் தேவை எதுவும் இருக்கவில்லை. இனவெறுப்பும் போர்க்காலப் பீதியும் தலைமையின் தோல்வியுமே காரணம் என்று முடிவு சொன்னது. 1988-இல் ஒரு சட்டத்தின் மூலம் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. 46 ஆண்டுகள்! அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள்.

வகுப்பறைக்கு மூன்று கேள்விகள்

1. ஹவாயையும் மேற்குக் கரையையும் ஒப்பிட்டு, "பாதுகாப்பு" என்ற காரணத்தை மதிப்பிடுக.

2. ஹென்றியின் அப்பாவின் கோபம் நியாயமானதா? கோபத்தின் காரணத்தையும் அது சென்று சேர்ந்த இடத்தையும் பிரித்து எழுதுக.

3. வரலாற்றைப் புரிந்துகொள்ள நாவல் எந்த அளவுக்கு உதவும்? அதன் எல்லை என்ன?

மாணவர்களே, விடை எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். 120,000 என்ற எண்ணை எழுதும்போது, அதற்குள் ஒவ்வொன்றாக இருப்பவை குடும்பங்கள், பூட்டிய கடைகள், பாதியில் நின்றுபோன பள்ளிப்படிப்பு. எண் மதிப்பெண் வாங்கித் தரும். அந்த எண்ணுக்குள் ஒரு கெய்க்கோவைப் பார்க்கத் தெரிந்தவர், நாளை யார் சட்டையில் எந்த முத்திரை குத்தப்பட்டாலும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். வரலாறு படிப்பதே அதற்குத்தானே?