விடையறியாத கண்கள்

துப்பறியும் கதையை எழுதியவர் ஒருவரால் மட்டும் அதைத் துப்பறியும் கதையாகப் படிக்க முடியாது. கொலையாளி யார் என்பது தெரிந்தேதான் அவர் முதல் வரியைத் தொடங்குகிறார். எந்தத் தடயம் கண்ணில் பட்டும் படாமலும் இருக்கிறது, எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்ல விடை தெரியாத இன்னொருவர் வேண்டும். பிற கதைகளுக்கு நண்பர் சொல்லும் கருத்து உபரியான உதவி. இந்த வகையில் அது செய்முறையிலேயே சேர்ந்தது. துப்பறியும் கதை எழுத்தாளர்கள் கூடி லண்டனில் 1930இல் உருவாக்கிய டிடெக்‌ஷன் கிளப்பில், முக்கியமான தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். எழுதுகிறவர் தம்மைத் தாமே கண்காணிக்க முடியாது என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

எழுத்தாளர் குழு ஒன்று கூடி மர்மச் சிறுகதைத் தொகுப்பு கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வெளிவரும் ‘செசபீக் கிரைம்ஸ்’ வரிசை. மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்குள் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது செசபீக் விரிகுடா. அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாஷிங்டன் நகரிலும் வாழும் எழுத்தாளர்கள், ‘சிஸ்டர்ஸ் இன் கிரைம்’ அமைப்பின் வட்டாரக் கிளையாகக் கூடி நடத்தும் வரிசை இது. முதல் தொகுதி 2004இல் வந்தது.

மர்மக் கதைக்கு இந்த வட்டாரம் புதிதன்று. 1841இல் துப்பறியும் சிறுகதைக்கு வழிவகுத்த எட்கர் ஆலன் போ, 1849இல் பால்டிமோரில், காரணம் இன்றுவரை தெளிவாகாத வகையில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். துப்பறியும் நாவலாசிரியர் டேஷியல் ஹாமெட் 1894இல் மேரிலாந்தில் பிறந்தவர். பால்டிமோரில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தாய் அமைப்பான ‘சிஸ்டர்ஸ் இன் கிரைமின்’ முதல் கூட்டமும் இதே பால்டிமோரில்தான் நடந்தது. 1986இல் அங்கே கூடிய பவுச்சர்கான் மர்மக் கதை மாநாட்டின்போது, சிகாகோ எழுத்தாளர் சாரா பரெட்ஸ்கி சக பெண் எழுத்தாளர்களை ஒன்றுகூட்டினார். பெண்கள் எழுதிய துப்பறியும் நாவல்கள் நிறையவே வெளிவந்துகொண்டிருந்தன. ஆனால் பத்திரிகை மதிப்புரைகளிலும், போவின் பெயராலேயே வழங்கப்படும் எட்கர் விருதுப் பட்டியல்களிலும் அவற்றுக்குரிய இடம் கிடைக்கவில்லை. இந்தப் பெண்கள் வருத்தப்பட்டதோடு நிற்கவில்லை. எந்தப் பத்திரிகை ஆண்களின் நூல்களுக்கு எத்தனை மதிப்புரை போடுகிறது, பெண்களின் நூல்களுக்கு எத்தனை என்று உறுப்பினர்கள் உட்கார்ந்து எண்ணிக் கணக்கு எடுத்தார்கள். முறையீட்டைக் கணக்காக மாற்றிய அந்தச் செயல், துப்பறிவாளருக்கே உரிய பண்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று இந்த அமைப்பில் ஆண்களும் உறுப்பினர்கள்.

இந்த வரலாறு தெரிந்தால்தான் தொகுப்பு உருவாகும் விதத்தின் அருமை விளங்கும். முதலில் ஒரு பொருளைத் தேர்ந்து அறிவிக்கிறார்கள். 2012இல் வேலையிடம், 2014இல் பண்டிகை நாட்கள், 2016இல் புயலும் மழையும், 2018இல் விலங்குகளும் பறவைகளும். உறுப்பினர்கள் அனுப்பும் கதைகளில் எழுதியவர் பெயரை நீக்கிவிட்டே நடுவர்களிடம் கொடுக்கிறார்கள். இருபது நாவல் எழுதியவருடைய கதையும் முதல் கதை எழுதியவருடையதும் பெயரில்லாத தாள்களாக அருகருகே கிடக்கும். பெயரைப் பார்த்து ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய அமைப்பு, தன் வீட்டுக்குள் பெயர் பாராமல் படிக்கும் முறையைக் கடைப்பிடிக்கிறது. எந்த ஊரில் தொகுப்பு போட்டாலும் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு முடிந்த பிறகுதான் கடினமான வேலை. டோனா ஆண்ட்ரூஸ், பார்ப் காஃப்மன், மார்சியா டாலி ஆகிய மூவரும் பல தொகுதிகளுக்குப் பதிப்பாசிரியர்களாக இருந்தவர்கள். மூவருமே கதை எழுதுகிறவர்கள். மர்மக் கதையைச் செப்பனிடும்போது எழுத்துப் பிழையையும் வாக்கிய ஓட்டத்தையும் தாண்டி, நிகழ்ச்சிகளின் நேரக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். யாருக்கு எப்போது எது தெரியும் என்று பாத்திரம் பாத்திரமாகப் பார்க்க வேண்டும்.

வட்டாரக் குழுவின் தனிப் பயன் இங்கேதான் வெளிப்படும். ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: கொலை நடந்த இரவு அன்னாபொலிஸ் துறையில் ஓதம் வற்றியதால் படகு சேற்றில் சிக்கிக்கொண்டது, ஆகவே படகுக்காரர் கரையைவிட்டுப் போயிருக்க முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. இங்கிலாந்துக் கரையில் பல இடங்களில் நடக்கவும் நடக்கும். ஆனால் அன்னாபொலிசில் ஓதம் ஏறி இறங்குவது சாதாரணமாக ஏறத்தாழ ஓரடிதான். அந்தத் துறையில் படகு கட்டிப் பழகிய ஒருவர் படித்தால், முழுக் கதையும் அந்த ஒரு வரியில் சாய்ந்துவிடும். இன்னொரு கதையில் ஜனவரி மாதம் கூண்டுவைத்து நீல நண்டு பிடிக்கும் மீனவர் வருகிறார். அதுவே அவர் அன்று தண்ணீரில் இருந்ததற்குச் சான்று. குளிர்காலத்தில் விரிகுடாவின் நண்டுகள் அடிச்சேற்றில் புதைந்து அசையாமல் கிடக்கும். உள்ளூர் வாசகர் உடனே அந்த மீனவரைச் சந்தேகிப்பார். ஆசிரியர் அறியாமல் செய்த பிழையா, வேண்டுமென்றே வைத்த தடயமா என்பதைக் கேட்டுத் தெளிந்து, பிழையானால் திருத்தவும், தடயமானால் அதற்குரிய வெளிச்சம் கொடுக்கவும் பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கிறார். வெளியூர் வாசகருக்கு நண்டின் வழக்கம் தெரியாது. அதை முன்பக்கத்தில் எங்காவது, பேச்சுவாக்கில், ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும் என்பதையும் அந்த ஆளே நினைவூட்டுவார்.

ஒரே பொருளில் தொகுப்பது இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். புயல் என்றதும் எல்லார் மனத்திலும் வெள்ளத்தில் பிணம் மிதக்கும். இரண்டு கதைகளில் ஒரே நஞ்சு, மூன்று கதைகளில் ஒரே பெயருள்ள கணவர் என்று வந்துவிட்டால் படிப்பவருக்குச் சலிப்பு. பதிப்பாசிரியர் எல்லாக் கதைகளையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரித்துவிட வேண்டும். அட்டை, அச்சுப்படி முதலியன எல்லா நூல்களுக்கும் உள்ளவைதாம். வைல்ட்சைடு பிரஸ் பதிப்பகம் அந்தச் சுமையை ஏற்றது.

2016இன் புயல் தொகுதியில் ஆர்ட் டெய்லர் எழுதிய ‘பேரலல் பிளே’ இடம்பெற்றது. பிள்ளைகளை விளையாடக் கூட்டிவந்த இடத்தில் அறிமுகமாகும் ஒரு தாய், ஒரு தந்தை, வெளியே மழை. கொட்டும் வானம் இதில் அலங்காரமாக நிற்கவில்லை. அந்நியர் ஒருவருடைய உதவியை ஏற்றுக்கொள்ள வைப்பதே மழைதான், அச்சம் அங்கிருந்து முளைக்கிறது. அறிவித்த பொருளைக் கதையின் முதுகெலும்பாக்கியதால்தான் அது அந்தத் தொகுதியில் தனித்து நிற்கிறது என்பது என் கணிப்பு. அக்கதை அகதா விருது பெற்றது. மேரிலாந்தில் ஆண்டுதோறும் கூடும் ‘மாலிஸ் டொமெஸ்டிக்’ மாநாட்டில் வழங்கப்படும் விருது அது. வாக்களிப்பவர்கள் மாநாட்டுக்கு வரும் வாசகர்கள்.