மேஜை மேல் ஒரு தோட்டாத் தொழிற்சாலை

அமெரிக்காவில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவனுடைய பக்கத்து வீட்டு பெரியவரின் கார் ஷெட். தடிமனான மரமேஜை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்புச் சாமான், பக்கத்தில் நீளமான கைப்பிடி. தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு, "சோடா பாட்டிலுக்கு மூடி போடற மெஷினா?" என்றாள். பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் அதில் செய்வது துப்பாக்கித் தோட்டா. ஒருமுறை சுட்ட தோட்டாவின் கூட்டை எடுத்து மறுபடி நிரப்புகிறார். வேட்டைக்குப் போகிறவர், குறி சுடும் போட்டிக்குப் போகிறவர் என்று அங்கே நிறைய பேர் வீட்டிலேயே இதைச் செய்கிறார்களாம்.

இங்கே கொல்கத்தாவில், டம்டம் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? தோட்டாவுக்காகவே உலகம் முழுக்கப் பேர் போன ஊராயிற்றே இது.

முதலில் தோட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நாலு சாமான்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டால் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். நாலில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். வெடித்த அழுத்தத்தில் கொஞ்சம் உப்பியிருக்கும். அதை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவர நல்ல பலம் வேண்டும். அதற்குத்தான் நெம்புகோல், அதற்குத்தான் மேஜையில் போல்ட் போட்டு இறுக்குவது.

பித்தளைக்கு முந்தைய காலத்தில் தோட்டா என்பது காகிதப் பொட்டலம். நம்மூர் மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி உள்ளே மருந்தும் குண்டும் இருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்துக் குழலுக்குள் கொட்ட வேண்டும். 1857 ஜனவரியில் இதே டம்டமில்தான், தாழ்ந்த சாதி என்று கருதப்பட்ட ஒரு தொழிலாளி பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் தண்ணீர்ச் சொம்பு கேட்டார். சிப்பாய் மறுத்தார். "மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவின தோட்டாவைக் கடிக்கப் போகிறீர், அப்புறம் என்ன சாதி" என்கிற மாதிரி பதில் வந்தது. பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். (தலைப்பாகையில் தோல் வைத்ததற்கு 1806-லேயே பொங்கிய வேலூரை வடக்கே அவ்வளவாக நினைப்பதில்லை. இது என் நிரந்தரப் புலம்பல் :-)) அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. அந்த மாதமே அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. தோட்டாவைக் கொழுப்பு தடவாமலே கொடுப்போம், சிப்பாய்களே தங்களுக்குப் பிடித்ததை வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று. அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அடுத்த பத்தாண்டில் பித்தளைத் தோட்டா வந்தது. இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. 1866-ல் இரண்டு ராணுவக்காரர்கள் தனித்தனியே பிரைமருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஒருவர் அமெரிக்கர் ஹைரம் பெர்டான், மற்றவர் இங்கிலாந்தில் வுல்விச் ஆயுதசாலையில் இருந்த எட்வர்ட் பாக்ஸர். பெர்டான் முறையில் பிரைமர் மோதும் அடைகல் கூட்டின் அடியிலேயே துருத்திக்கொண்டிருக்கும், தீ போக இரண்டு சின்னத் துளைகள். பாக்ஸர் முறையில் அடைகல் பிரைமருக்குள்ளேயே இருக்கும், கூட்டில் நட்டநடுவே ஒரே துளை. காலப்போக்கில் அமெரிக்கரின் பிரைமர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டது, ஆங்கிலேயரின் பிரைமர் அமெரிக்காவில் தங்கிவிட்டது!

வீட்டு மேஜைக்குத் தோட்டா வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். நடுவே ஒரே துளை இருந்தால் மேலிருந்து ஒரு கம்பியை விட்டுத் தட்டினால் போதும், செத்த பிரைமர் கீழே விழுந்துவிடும். ஓரத்தில் இரண்டு துளை இருந்தால் அது நடக்காது. கால் அங்குல வடிவமைப்பு ஒரு நாட்டின் பழக்கத்தையே மாற்றிவிடுகிறது.

1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமைகளைக் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள் கூடுகளைத் திரும்பத் திரும்ப நிரப்பித்தான் சுட்டார்கள். அடுத்த கடை எத்தனை நாள் பயணமோ! அந்தப் படுகொலையைப் படித்தால் வயிறு கலங்கும், அது தனிக் கதை. 1884-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற கம்பெனியைத் தொடங்கி, பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவியை விற்றார். சட்டைப்பையில் கொண்டுபோகலாம். 1925-ல் அந்தத் தொழில் லைமன் கம்பெனி கைக்கு மாறியது.

பாக்குவெட்டி பிரஸ்ஸாக வீடுதோறும் பரவியது இரண்டாம் உலகப்போரை ஒட்டி. போர்க்காலத்தில் செம்பும் பித்தளையும் ராணுவத்துக்கே போயின. கலிபோர்னியாவில் ஓரவில் என்ற ஊரில் அப்பாவின் சலவைக் கடையின் பின்பக்கத்தில் பட்டறை வைத்திருந்தார் ஃபிரெட் ஹண்டிங்டன். சுட்டுப் போட்ட .22 தோட்டாக் கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக மாற்றும் ஓர் அச்சை 1943-ல் செய்தார். ராக் சக் என்கிற, பாறைப் பக்கம் திரியும் அணில் இனத்துப் பிராணியைச் சுடுவதற்கான குண்டு. அதனால் 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்'. அந்த நாலு முதல் எழுத்துகள்தான் ஆர்.சி.பி.எஸ். என்று இன்றைக்கும் பிரஸ்களின் மேல் இருக்கின்றன. போர் முடிந்ததும் கான்சாஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் ராணுவத்தில் மிஞ்சிய வெடிமருந்தை மொத்தமாக வாங்கி, பழைய ரயில் பெட்டியில் வைத்துச் சில்லறைக்கு விற்றார். பிரஸ்ஸில் அச்சு மாட்டும் மரையும் ஒரே அளவுக்கு வந்தது: 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. அதனால் ஒரு கம்பெனி அச்சை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் மாட்டலாம். எந்தத் தொழிலும் பரவுவதற்கு இந்த மாதிரி ஒரு பொது அளவு வேண்டியிருக்கிறது.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. ஒரே கூட்டில் தெரியாமல் இரண்டு தடவை மருந்து கொட்டிவிட்டால் துப்பாக்கியே கையில் சிதறலாம். ஆனாலும் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்க மத்திய சட்டப்படி உரிமம் வேண்டியதில்லை. விற்பதற்குச் செய்தால்தான் வேண்டும்.

இப்போது நம் பக்கம். 1857-ஐ மறக்காத அரசு, லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கோ விலக்கு. (குடகுக்காரர்கள் மட்டும் தப்பித்தார்கள், அந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது.) டம்டமில் தொழிற்சாலை இருந்தது, ஆயிரக்கணக்கில் தோட்டா உருண்டது. 1890-களில் கேப்டன் பெர்ட்டி கிளே அங்கே செய்த, உடம்புக்குள் போய் விரியும் குண்டு ஊர்ப் பெயராலேயே 'டம்டம்' ஆனது. அந்த ரகக் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று 1899-ல் ஹேக் மாநாட்டில் பிரகடனமும் வந்தது. ஊர்க்காரனுக்கு மட்டும் ஒரு தோட்டா கிடைக்காது.

கிடைக்காததன் விலை என்ன என்பதை இரண்டு சம்பவங்கள் சொல்லும். 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா துப்பாக்கிக் கம்பெனியின் குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்ரா கொல்கத்தா சுங்கச்சாவடியிலிருந்து 202 பெட்டிகளை மாட்டுவண்டிகளில் எடுத்தார். கிடங்குக்கு வந்தவை 192. மிச்சத்தைக் கொண்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவேயில்லை. புரட்சிக்காரர்களிடம் போனவை 50 மவுசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். நான் கவனிப்பது அந்த இரண்டாவது எண்ணைத்தான். ஒரு பிஸ்டலுக்குத் தொள்ளாயிரத்துக்கும் மேல்! தீர்ந்தால் நிரப்ப அவர்களிடம் பிரஸ்ஸும் இல்லை, பிரைமரும் இல்லை.

இரண்டாவது, 1930 ஏப்ரல் 18, சிட்டகாங். சூர்ய சென்னின் ஆட்கள் ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்கள். ரைஃபிள்களும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் கைக்கு வந்தன. அவற்றுக்கான தோட்டாக்களை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு நாள் கழித்து ஜலாலாபாத் குன்றில் ராணுவத்தை அவர்கள் எதிர்கொண்டபோது அந்த லூயிஸ் துப்பாக்கிகள் அவர்களிடம் இல்லை.

சுதந்திர இந்தியா 1878 சட்டத்தைத் தூக்கிவிட்டு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் போட்டது. இன விலக்கு போயிற்று. உரிமம் இல்லாமல் தோட்டா செய்யக்கூடாது என்பது நின்றது. துப்பாக்கிச் சாவுகளைப் பற்றி அமெரிக்காவிலிருந்து வரும் செய்திகளைப் படிக்கும்போது, அது நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. நண்பனிடமும் அதைச் சொன்னேன். "எங்க பெரியவர் காகிதப் பட்டையில மட்டும்தான் ஓட்டை போடுவார்டா" என்று பதில் அனுப்பியிருக்கிறான்.