வீட்டுக்குள் வந்த பவளப்பாறை

பவளமும் வண்ண மீன்களும் வாழும் கடல்நீர்த் தொட்டி ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். அலை எழுப்பும் சிறு மோட்டார், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், கீழே அலமாரிக்குள் மறைந்திருக்கும் இன்னொரு தொட்டி, துளைகள் நிறைந்த பாறை, நீல ஒளி சிந்தும் எல்இடி விளக்கு, சொட்டுச் சொட்டாக இறங்கும் சுண்ணாம்புத் தெளிநீர். கடை அலமாரியில் எல்லாமே இந்த ஆண்டின் புதுச்சரக்கு போலத்தான் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் நெடிய பூர்வீகம் உண்டு. திருமண உடை தைத்த ஒரு பெண், ஒரு பாதிரியாரின் மனைவி, ஒரு வேடிக்கைக் காட்சி முதலாளி, ஜகார்த்தாவின் ஒரு மீன் ஆர்வலர், பெர்லினின் ஒரு பவள ஆர்வலர் எனப் பலர் கைமாற்றிச் சேர்த்த சொத்து அது. கடல் தன்பாட்டுக்குச் செய்யும் வேலைகளை இவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டு வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்.

கதை பவளத்தில் தொடங்கவில்லை. ஒரு திருட்டுப் புகாரில் தொடங்குகிறது. ஆர்கோனாட் என்பது காகிதம்போல் மெல்லிய ஓட்டுக்குள் வாழும் எண்காலி இனம். அந்த ஓடு அதற்குச் சொந்தமா, துறவி நண்டைப்போல வேறு உயிரினத்தின் ஓட்டுக்குள் குடியேறிக்கொள்கிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுவந்தார்கள். பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்து, பாரிசில் உடை தைத்து, 1816இல் ஓர் இளவரசியின் மணஉடையை உருவாக்கிப் புகழ்பெற்றவர் ழான் வில்ப்ரே. ஜேம்ஸ் பவர் என்ற வணிகரை மணந்து, சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் குடியேறினார். 1832இல் கண்ணாடித் தொட்டிகள் செய்து, கடல்நீர் நிரப்பி, ஆர்கோனாட்களை உயிரோடு வளர்த்துப் பார்த்தார். ஓட்டில் உடைந்த இடத்தை அந்த உயிரினமே சீர்செய்துகொண்டது. புகார் தள்ளுபடியானது. உயிர்களை ஆராயக் கடல்நீரைக் கண்ணாடிக்குள் அடைத்த முன்னோடிகளில் முதலாவதாக அவர் பெயரே சொல்லப்படுகிறது.

மெசினாவில் கடல் வாசலிலேயே இருந்தது. தினமும் புதுநீர் மாற்றலாம். கடலுக்கு வெகுதொலைவில் என்ன செய்வது? அதற்கு விடை தற்செயலாகக் கிடைத்தது. 1829இல் லண்டனின் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்தார். அதில் விதைக்காமலே ஒரு பெரணி முளைத்துச் செழித்தது. நகரத்தின் புகையில் வாடிய செடி, மூடிய கண்ணாடிக்குள் தன் ஈரத்தைத் தானே சுழற்றிக்கொண்டு வாழ்ந்தது. அவர் பெயரிலேயே வழங்கிய அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் பிறகு கப்பலேறின. சீனத் தேயிலை இந்தியாவுக்கும், ரப்பர் நாற்றுகள் 1876இல் இலங்கைக்கும் அவற்றில்தான் வந்தன. நம் மலைத்தோட்டங்களும் வீட்டு மீன்தொட்டியும் ஒருவகையில் பங்காளிகள். 1850 வாக்கில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், நீர்ச்செடியும் மீனும் நத்தையும் சேர்ந்திருந்தால் நீர் கெடாமல் நிற்கும் என்று காட்டினார்.

அவருக்கும் சற்று முன்பே ஒரு பெண் பவளத்தை லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்னா தின், வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் துணைத் தலைமைக் குருவின் மனைவி. 1846இல் டார்க்கீ கடற்கரையில் சிறு கல்பவளங்களைக் கண்டு வியந்து, அவற்றைக் கடல்நீரோடு எடுத்துவந்தார். நீர் தீர்ந்தால் வாங்கக் கடை இல்லை. ஆகவே, திறந்த சன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை ஆற்றும் வேலை நாள்தோறும் நடந்தது. பெரும்பாலும் அதைச் செய்தவர் வீட்டுப் பணிப்பெண். அவர் பெயர் வரலாற்றில் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு தின் கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாழ்ந்தன. இன்றைய தொட்டிகளின் அலைமோட்டார் செய்வது அந்தப் பணிப்பெண்ணின் வேலையைத்தான். தேங்கிய நீரில் பவளம் மூச்சுத் திணறும். நீரோட்டம்தான் அதற்கு ஆக்சிஜனையும் இரையையும் கொண்டுவந்து, மேலே படியும் கழிவை அடித்துச் செல்கிறது.

இதற்கிடையில் 1845இல் பிரிட்டன் கண்ணாடி வரியை நீக்க, கண்ணாடி மலிந்தது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் மீன்கூடம் திறந்தது. அடுத்த ஆண்டே, அதற்கு உயிரினங்கள் சேகரித்துத் தந்த பிலிப் ஹென்றி காஸ் இதைப் பற்றி நூல் எழுதினார். உப்புகளைக் கலந்து கடல்நீர் செய்யும் முறையையும் வெளியிட்டார். நாடே தொட்டி வைக்கக் கிளம்பியது. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் லண்டனில் கடை திறந்து கடல்நீரையும் கடலுயிர்களையும் விற்றார். அட்லாண்டிக்குக்கு அப்பால் வேடிக்கைக் காட்சிகளுக்குப் பேர்போன பி. டி. பார்னம், லண்டனில் கண்டதை நியூயார்க்கின் தன் மியூசியத்தில் நகலெடுத்துக் கூட்டம் சேர்த்தார். விளைவு துயரமானது. காஸின் நூல்களால் தூண்டப்பட்ட கூட்டம் இங்கிலாந்தின் பாறைக் குளங்களைச் சுரண்டித் தீர்த்தது. அந்தக் குற்ற உணர்வு காஸை வாட்டியதை அவருடைய மகன் பின்னாளில் பதிவுசெய்தார். பார்த்து ரசிக்க எடுத்துவருவதே பிறந்த இடத்தை அழிக்கும் என்ற முரண், இந்தப் பொழுதுபோக்கோடு கூடப்பிறந்தது.

லாய்ட் விற்பனையோடு நிற்கவில்லை. 1871இல் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தை அமைத்தபோது, காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய, இருண்ட தேக்கத்தொட்டியை அடியில் வைத்து, நீரை ஓயாமல் சுழலவிட்டார். நீரின் அளவு பெருகப் பெருக அதன் நிலையில் ஏற்றத்தாழ்வு குறையும். அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் இன்றைய ‘சம்ப்’ அந்த இருட்டுத் தொட்டியின் வாரிசு. இந்த மோகம் நம் கரையையும் எட்டியது. பாக் நீரிணை, மன்னார் வளைகுடா கடலுயிர்களை ஆராய்ந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான கடல்மீன் காட்சியகம் 1909இல் சென்னை மெரினாவில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் அதற்கு மூடுவிழா நடத்தியது.

வெப்பமண்டல மீன்களின் ஏற்றுமதி 1930களில் இலங்கையில் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. போருக்குப் பின் விமானமும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அதைப் பெருவணிகமாக்கின. வாரக்கணக்கான கப்பல் பயணம் ஓரிரு நாளாகச் சுருங்கியது. உப்புநீரில் துருப்பிடித்த இரும்புச் சட்டங்களுக்கு விடை கொடுத்தது 1960களில் பரவிய சிலிகோன் பசை. பையில் அடைத்த செயற்கைக் கடலுப்பும் அதே காலத்தில் வந்தது. லிட்டருக்கு 35 கிராம் கரைத்தால் கடல் தயார். ஆனால் அந்தக் கடலில் உயிர் நிலைக்கவில்லை. வெளுத்த பவள எலும்புகளை அலங்காரமாக அடுக்கி, எல்லாவற்றையும் கழுவித் துப்புரவாக வைத்த தொட்டிகளில் மீன்கள் செத்துக்கொண்டே இருந்தன. துப்புரவே நலம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். அவர் பாறையைக் கழுவவில்லை. கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறை, கடல்மணல், சன்னல் வெயில், மெல்லிய காற்றுக்குமிழி ஆகியவற்றோடு பவளமும் மீனும் வளர்த்தார். 1961இல் அமெரிக்க இதழ் ஒன்றில் அதை எழுதினார். பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே அங்கே உண்மையான வேலையாட்கள். மீன் கழிவின் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாகவும், மற்றொரு கூட்டம் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உட்புறத்தில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். புதுத் தொட்டியில் மீன் விடாமல் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருக்கச் சொல்வது இந்த வேலையாட்கள் குடியேறுவதற்காகத்தான். தொடக்கநிலையினரின் மீன்கள் முதல் மாதத்திலேயே இறப்பதற்குப் பெருங்காரணம் இந்தப் பொறுமை இல்லாததே.

லீயின் முறையை ஐரோப்பாவில் அப்படியே நகலெடுக்க முடியவில்லை. அங்கே ஜகார்த்தாவின் வெயிலும் இல்லை, கடலும் பக்கத்தில் இல்லை. அந்தக் குறையை ஜெர்மானியர்கள் கருவிகளால் ஈடுகட்டினார்கள். கழிவு அழுகுமுன்னே நுரையோடு வெளியேற்றும் ஸ்கிம்மர், வெயிலுக்கு ஈடான வலிய விளக்கு என அடுத்தடுத்து வந்தன. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்குப் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். ஒளி குறைந்தால் இருவருக்குமே பட்டினி. இன்னொரு பசியைக் கண்டவர் பீட்டர் வில்கென்ஸ். கல்பவளம் தன் எலும்பைக் கட்ட நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் நாள்தோறும் இழுத்துக்கொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்கும் கால்சியம், சிறு தொட்டியில் விரைவில் வற்றிவிடும். ஆவியான நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டவிட்டார் வில்கென்ஸ். பவளங்கள் வளர்ந்தன. மன்னார் வளைகுடாவில் அதே காலத்தில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பவளம் சுண்ணாம்பானது. இங்கே சுண்ணாம்பு பவளமானது.

பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபர் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்தார். உயிர்ப்பாறை, ஸ்கிம்மர், வலிய ஒளி, சுண்ணாம்பு நீர்: இதுவே ‘பெர்லின் முறை’. அவர் தொட்டியில் மான்கொம்புபோல் கிளைவிட்ட அக்ரோபோரா பவளம் தழைத்தது. கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். முருங்கைப் போத்து நட்டால் மரமாவதுபோல ஒவ்வொரு துண்டும் புதுப்பவளமானது. அவர் பெயரைத் தாங்கிய அந்தத் துண்டுகள் நாடுநாடாகப் போயின. 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் எழுதிய தொடர் கட்டுரைகள் டச்சு வடிகட்டும் முறையை அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்த, வீட்டுப் பவளத்தொட்டி அங்கே பெரும் அலையாக எழுந்தது.

தொட்டியிலிருந்து கடலுக்குத் தப்பியவையும் உண்டு. ஐரோப்பிய மீன்காட்சியகங்களில் அழகுக்காக வளர்த்த கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி, 1984இல் மொனாக்கோ கடலியல் மியூசியத்தின் அடியில் சிறு திட்டாகத் தென்பட்டு, மத்தியதரைக் கடலின் அடித்தளங்களில் பரவியது. இந்து, பசிபிக் கடல்களின் சிங்கமீன் 1985இல் ஃப்ளோரிடாக் கரையில் பிடிபட்டது. இன்று கரீபியன் முழுக்க உள்ளூர் மீன்களை அது வேட்டையாடுகிறது. பிலிப்பைன்சில் மீன்களை மயக்கிப் பிடிக்கப் பவளப்பாறைகள்மேல் சயனைடு பீய்ச்சினார்கள். காஸ் காலத்துப் பாறைக் குளங்களுக்கு நேர்ந்தது வெப்பமண்டலம் முழுக்க நேர்ந்தது. சட்டங்கள் வந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் கல்பவளங்களுக்கு இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

கடலுக்குப் பட்ட கடன் திரும்பத் தொடங்கியதும் தற்செயலாகத்தான். ஃப்ளோரிடாவின் மோட் கடலாய்வுக்கூடத்தில் டேவிட் வான் ஒரு பவளத்தை இடம் மாற்றும்போது அது உடைந்தது. சிதறிய நுண்துண்டுகள் செத்துவிடும் என்று விட்டுவிட்டார். சில வாரங்களில் அவை எதிர்பாராத வேகத்தில் வளர்ந்திருந்தன. நுண்துண்டாக்கிப் பாறைகளை மீட்கும் முறை அதிலிருந்து பிறந்தது. லண்டன் ஹார்னிமன் மியூசியத்தில் ஜேமி கிராக்ஸும் குழுவினரும் பருவ வெப்பத்தையும் நிலவொளியின் வளர்பிறை தேய்பிறையையும் கணினி வழியே தொட்டிக்குள் அமைத்து, 2013இல் பவளங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்தனர். 2023 கோடையில் ஃப்ளோரிடாக் கடல் கொதித்தபோது, நாற்றுப்பண்ணைப் பவளங்களைக் கரைக்கு அள்ளிவந்து தொட்டிகளில் அடைக்கலம் கொடுத்தார்கள். பொழுதுபோக்காளர்கள் தட்டித் தடவிக் கற்ற பாடங்கள் அந்தத் தொட்டிகளிலும் வேலை செய்தன.

மீன்கள் பக்கமும் மாற்றம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மார்ட்டின் மோ கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்பனைக்கு வளர்த்தார். நம் பக்கம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமும், பறங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைச் சாதித்தன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் பவளத் துண்டுகளை மன்னார் வளைகுடாவில் நட்டு வருகிறது.

இந்தப் பயணம் முழுவதும் ஒரே பாடத்தைச் சொல்கிறது: தொட்டியை வாழவைப்பது விலையுயர்ந்த கருவி அல்ல, நிலைத்தன்மை. வெப்பம் 25, 26 டிகிரியில் நிற்கட்டும், உப்பு ஏறி இறங்காதிருக்கட்டும், மீன்கள் குறைவாக இருக்கட்டும், மாற்றம் எதுவானாலும் மெல்ல நடக்கட்டும். மீதியைப் பாறையும் பாக்டீரியாவும் பார்த்துக்கொள்ளும். கடைக்குப் போகும்போது விலையைக் கேட்குமுன் அந்த மீன் கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். பண்ணை மீனுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பவர், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் கடல் கொடுத்துவந்த கடனில் தன் பங்கைக் கட்டுகிறார்.